பெட்டிக்குள் ஒரு சட்டம், பெட்டிக்கு வெளியே ஒரு சட்டம்

"சார், உங்க மேல ஒரு மனு வந்திருக்கு. நாளைக்குக் காலையில ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க."

2024 ஆவணி மாதம், ஒரு சாயங்காலம் வந்த போன் அது. 33 வருடம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். மற்றவர்கள் மேல் மனு எழுதியிருக்கிறேன், கடன் கட்டாதவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். என் மேல் ஒருத்தர் மனு கொடுத்தது அதுதான் முதல் தடவை. மனுவில் 'வீட்டுக்குப் பின்னால் விஷ வண்டுகளை வளர்த்து, மனித உயிருக்கு ஆபத்து விளைவிக்கிறார்' என்று எழுதியிருந்தது. நான் வளர்த்தது விஷ வண்டு இல்லை, இந்தியத் தேனீ. ஆனால் அந்த வரியின் பின்பாதியை என்னால் மறுக்க முடியவில்லை.

நம் இதழைப் படிக்கிற பலபேர் வீட்டுப் புழக்கடையில் இரண்டு தேனீப் பெட்டி வைக்க ஆசைப்படுகிறீர்கள் என்று தெரியும். கூட்டங்களில் என்னிடம் கேட்கிற முதல் கேள்வியே, "வீட்டுல வைக்கலாமா சார், சட்டப்படி பிரச்சினை வருமா?" என்பதுதான். அதற்கு எனக்குக் கிடைத்த பதிலை, அது கிடைத்த விதத்தோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அனுமதி தேடிப் போன கதை

2019-இல் ஓய்வு பெற்று தருமபுரி மாவட்டத்தில் இருக்கிற சொந்த ஊருக்கே வந்துவிட்டேன். ஊரிலிருந்து 4 கிலோமீட்டர் தள்ளி இரண்டரை ஏக்கர் நிலம். மா, கொஞ்சம் புளி, மானாவாரியில் கேழ்வரகு, சாமை, அவரை. வீடு ஊருக்குள் 5 சென்ட் மனையில். பின்பக்கம் முருங்கை, கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை. சுவரைத் தாண்டினால் பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகை.

பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய் தேனீ பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறை நடத்தும் ஒருநாள் பயிற்சிக்கும் போனேன். 2022 தையில் நான்கு பெட்டி வாங்கினேன். வங்கிப் புத்தி போகுமா? பெட்டியை இறக்குவதற்கு முன்னால் 'அனுமதி' வாங்கிவிட வேண்டும் என்று ஊராட்சி அலுவலகம் போனேன்.

செயலர் நல்ல பையன். பீரோவில் இருந்த படிவங்களை எல்லாம் புரட்டிப் பார்த்தான். "வீடு கட்ட இருக்கு, தண்ணீர் இணைப்புக்கு இருக்கு, கடை வைக்க இருக்கு. தேனீக்கு ஃபார்ம் எதுவும் இல்லீங்க சார். நீங்க பாட்டுக்கு வைங்க" என்றான். தெரிந்த அதிகாரிகளிடமும் கேட்டேன். வீட்டில் நாலு பெட்டி வைக்க உரிமம் வாங்கு என்று சொல்லும் தனிச் சட்டம் மத்தியிலும் இல்லை, தமிழ்நாட்டிலும் இல்லை. தேசிய தேனீ வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். 2021-இல் அதற்கென்று 'மதுக்ராந்தி' என்ற இணையதளம் தொடங்கினார்கள். ஆனால் அது திட்டங்கள், மானியங்கள் பெறுவதற்கும் தேன் எங்கிருந்து வந்தது என்று தடம் பார்ப்பதற்கும்தான். பதிவு செய்யாமல் வீட்டில் பெட்டி வைத்தால் குற்றம் என்று இல்லை.

இதைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தடை இல்லை என்றால் அது என் உரிமை என்று நினைத்துவிட்டேன். பெட்டிகளை வீட்டுப் பின்பக்கச் சுவரை ஒட்டி வரிசையாக வைத்தேன், வாசல் கிழக்குப் பார்த்து. கிழக்கே என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை. கிழக்கேதான் மாட்டுக் கொட்டகை. ஊராட்சி அலுவலகத்துக்கு மூன்று தடவை அலைந்த நான், பத்தடி தள்ளி இருந்த பக்கத்து வீட்டுக்கு ஒரு தடவைகூடப் போய்ச் சொல்லவில்லை.

அந்த ஆவணி மாலை

இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. மாம்பூவிலும் புளியம்பூவிலும் நல்ல தேன் வந்தது. அக்கம்பக்கத்துக்கெல்லாம் ஒரு பாட்டில் கொடுத்தேன், சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள்.

2024 ஆவணியில் சென்னையிலிருந்து உறவுக்காரர் வந்தார். "உங்க வீட்டுத் தேன் இல்லாம போகமாட்டேன்" என்றார். அது பூ இல்லாத காலம். வெளியே வரத்து இல்லாதபோது உள்ளே இருப்பைக் காக்கத் தேனீ காவலைக் கூட்டும். மேகம் மூட்டமாக இருந்தது, மணி ஐந்தரை. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே பெட்டியைத் திறக்கக்கூடாது என்று பயிற்சியில் எழுதிக்கொண்டு வந்த நோட்டு அலமாரியில் இருந்தது. நான் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு போய்த் திறந்தேன்.

தேனறைச் சட்டம் ஒன்று மெழுகில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. இழுத்ததில் நாலைந்து தேனீ நசுங்கியது. தேனீ கொட்டும்போதும் நசுங்கும்போதும் ஒரு வாசம் விடும், பழுத்த வாழைப்பழம் போல. மற்றத் தேனீக்களுக்கு அது அபாயச் சங்கு. அவசரத்தில் புகையையும் அதிகம் போட்டுவிட்டேன். நிமிஷத்தில் கூட்டம் கிளம்பியது. நான் வலைக்குள் பத்திரமாக இருந்தேன். அவை சுவரைத் தாண்டின.

அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பெரியம்மா பால் கறக்க மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயதுக்கு மேல். மாட்டின் மூக்கில் கொட்டியதும் அது துள்ளி ஓட, கையில் சுற்றியிருந்த கயிறு அவரையும் இழுத்துப் போட்டது. முகத்திலும் கழுத்திலும் எட்டு இடத்தில் கொட்டு. மணிக்கட்டு எலும்பு விரிசல். கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்தது. 108 வண்டியில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். ஊசி போட்டு, ராத்திரி முழுக்க வைத்திருந்து, மறுநாள் அனுப்பினார்கள்.

மருத்துவமனை வராந்தாவில் அவர் மகன் என்னிடம் சத்தம் போடவில்லை. "சார், உங்களுக்குத் தேனீ பொழுதுபோக்கு. எங்கம்மாவுக்கு அந்த மாடுதான் சம்பளம். இன்னும் ஒன்றரை மாசம் அந்தக் கையால கறக்க முடியாது" என்றார். அடுத்த நாள் மனு கொடுத்தார். அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் கொடுத்திருப்பேன்.

சட்டம் என்ன சொல்கிறது

ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்னால் வழக்கறிஞர் நண்பர் ஒருவரைப் பார்த்தேன். வாசலிலேயே என் வாதத்தை ஆரம்பித்துவிட்டேன். "தேனீ வளர்க்க லைசன்ஸே தேவையில்லை. என்மேல என்ன கேஸ் போட முடியும்?"

அவர் சிரித்தார். "நாய் வளர்க்கறதே தப்புன்னு எந்தச் சட்டம் சொல்லுது? ஆனா நாய் கடிச்சா கேஸ் வரும்ல? வளர்க்கறது வேற, வளர்க்கற விதம் வேற" என்று புத்தகத்தை எடுத்துவைத்தார். அன்று அவர் சொன்னதை உங்களுக்காகச் சுருக்கித் தருகிறேன்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதன் 2-ஆம் பிரிவில் 'விலங்கு' என்றால் மனிதரைத் தவிர உயிருள்ள எதுவும் என்று விளக்கம் இருக்கிறது. ஆக, சட்டத்தின் கண்ணில் மாடும் விலங்கு, தேனீயும் விலங்கு. 291-ஆம் பிரிவு, தன் வசத்தில் உள்ள விலங்கால் மனித உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து நேரக்கூடும் என்றால், அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டைத் தெரிந்தோ கவனக்குறைவாலோ செய்யாமல் விடுபவரைத் தண்டிக்கிறது. 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் இது 289-ஆம் பிரிவு.

அடுத்தது பொதுத்தொல்லை, 270-ஆம் பிரிவு. அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் மக்களுக்குப் பொதுவாகத் தீங்கோ ஆபத்தோ தொந்தரவோ தரும் செயல் எல்லாம் இதில் வரும்.

இதற்கும் மேலே, குற்ற விசாரணை முறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவில் 152-ஆம் பிரிவு இருக்கிறது. பழைய 133. வீட்டுப் புழக்கடையில் தேனீ வளர்ப்பவர்கள் மறக்கக்கூடாத எண் இது. போலீஸ் அறிக்கையோ வேறு தகவலோ வந்தால், மாவட்ட ஆட்சியரோ கோட்ட அளவிலான நிர்வாக நடுவரோ அந்தத் தொல்லையை அகற்றச் சொல்லி நிபந்தனை உத்தரவு போடலாம். ஆபத்தான விலங்கு என்றால் அடைத்து வைக்கவோ, அப்புறப்படுத்தவோ, அழிக்கவோகூடச் சொல்லலாம். நம் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுப்பார்கள். ஆனால் பெட்டியை ஒழுங்காக வைக்காத ஆளுக்கு அங்கே சொல்ல என்ன இருக்கும்?

இவை போக சிவில் நீதிமன்றம் தனி. பக்கத்து வீட்டுக்காரர் நஷ்டஈடு கேட்கலாம், பெட்டி வைக்கக்கூடாது என்று தடையாணை கேட்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். அடுக்குமாடியில் இருந்தால் சங்கத்தின் விதி என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள்.

1903-இல் ஒரு குதிரை

நண்பர் ஒரு பழைய வழக்கையும் சொன்னார். அயர்லாந்தில் 1903-இல் தீர்ப்பான 'ஓ'கார்மன் எதிர் ஓ'கார்மன்'. ஒருவர் பக்கத்து வீட்டு எல்லையை ஒட்டி ஏகப்பட்ட தேனீக் கூடுகள் வைத்திருந்தார். தேன் எடுக்கப் புகை போட்டபோது தேனீக்கள் கிளம்பி, பக்கத்து வீட்டுக்காரரின் குதிரையைக் கொட்டின. குதிரை மிரண்டதில் அவருக்கு அடிபட்டது. தேனீ வளர்த்தவர்தான் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது.

குதிரை என்ற இடத்தில் மாடு என்று போட்டால் என் கதை. கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

தேனீ வளர்ப்பதே தவறு என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. எத்தனை கூடு, எந்த இடத்தில், எந்த விதத்தில் என்ற மூன்றையும் பார்த்தது. தனிமனிதத் தொல்லை பற்றிய நம் நாட்டுச் சட்டமும் அந்த மரபிலிருந்து வந்ததுதான். 'எண்ணிக்கை, இடம், விதம்' என்ற மூன்று சொல்லையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி இப்போது பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.

உலகத்தில் பல ஊர்களின் தேனீ விதிகளும் இந்த மூன்றைச் சுற்றியே இருக்கின்றன. நியூயார்க் நகரம் காட்டு விலங்குகளோடு தேனீயையும் சேர்த்துத் தடை செய்திருந்தது. 2010 மார்ச்சில் தடையை நீக்கி, நகரச் சுகாதாரத் துறையிடம் தகவல் பதிந்துவிட்டு வளர்க்கலாம் என்றது. நியூசிலாந்தில் பெட்டி இருக்கும் இடத்தைப் பதிவு செய்வது கட்டாயம். அங்கே காரணம் கொடுக்கு இல்லை, புழுக்களை அழுக வைக்கும் நோய். ஒருவர் கவனிக்காமல் விட்ட பெட்டியிலிருந்து ஊர்ப் பெட்டிகளுக்கெல்லாம் பரவும். இதை நாமும் பட்டிருக்கிறோம். 1991-92-இல் தாய்லாந்து பைப்புழு நோய் என்ற வைரஸ் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் கூட்டங்களைக் கொத்துக்கொத்தாக அழித்தது. மார்த்தாண்டம் பக்கத்துப் பழைய தேனீக்காரர்கள் இன்றும் அந்த வருடத்தைச் சொல்லி வருத்தப்படுவார்கள். ஆகவே, விதி என்றால் நம்மைத் தொந்தரவு செய்ய வந்தது என்று நினைக்க வேண்டியதில்லை. நம் பெட்டியைக் காப்பாற்றுகிற விதிகளும் உண்டு.

ஸ்டேஷனிலிருந்து கொட்டகை வரை

ஸ்டேஷனில் நான் வாதாடவில்லை. மருத்துவச் செலவை ஏற்கிறேன், அந்த ஒன்றரை மாதத்துப் பால் வருமானத்தையும் தருகிறேன், நான்கு பெட்டியையும் ஒரு வாரத்தில் அப்புறப்படுத்துகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். வழக்குப் பதியாமல் முடிந்தது. அந்த மனு ரசீதைப் பெட்டிக் கணக்கு நோட்டிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.

இடம் மாற்றுகிறவர்களுக்கு ஒரு விஷயம். பெட்டியைப் பகலில் தூக்கக்கூடாது. இருட்டி, எல்லாத் தேனீயும் அடைந்த பிறகு வாசலைக் கம்பிவலையால் அடைத்துத் தூக்க வேண்டும். நூறு, இருநூறு அடி தள்ளி வைத்தால் மறுநாள் பழைய இடத்துக்கே வந்து சுற்றும். இந்தியத் தேனீ சுமார் ஒன்றரை கிலோமீட்டர் வரை போய் இரை தேடும், அந்த வட்டத்துக்கு வெளியே கொண்டு போனால்தான் புது இடத்தைப் பழகும். என் நிலம் 4 கிலோமீட்டர் தள்ளி இருந்ததால் தப்பித்தேன்.

மாசி மாதம் ஒருநாள் பெரியம்மா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார். கை சரியாகிவிட்டது. "ஏம்ப்பா மேனேஜரு, இந்த வருசம் பரங்கி பூக்குது, பிஞ்சு வெம்பி வெம்பி உதுருது. உன் பூச்சி இருந்தப்ப நல்லா காய்ச்சுது" என்றார். பரங்கியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. காலையில் தேனீ வந்து மகரந்தம் மாற்றாவிட்டால் பிஞ்சு நிற்காது. ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் எப்படித் தடவுவது என்று காட்டிக் கொடுத்தேன். அப்படியே, கொசுத்தேனீ என்று ஒன்று இருக்கிறது, அதற்குக் கொடுக்கே கிடையாது, வைக்கட்டுமா என்று கேட்டேன். யோசித்தார். "நான் வந்து பாக்கறேன். கடிக்கலன்னா வெச்சுக்கோ" என்றார்.

இப்போது என் வீட்டில் இருப்பது கொசுத்தேனீ மட்டும். மூங்கில் குழாயில் ஒன்று, மண்பானையில் ஒன்று. தலைமுடியில் புகுந்து குறுகுறுக்கும், லேசாகக் கவ்வும், அவ்வளவுதான். தேன் வருடத்துக்கு ஒரு சின்ன பாட்டில் கிடைத்தால் அதிகம். நெருக்கமான தெருவில் வீடு இருப்பவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள் என்பேன். இந்தியத் தேனீதான் வேண்டும் என்றால், கீழே இருப்பதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

எனக்கு நானே எழுதிக்கொண்ட விதிகள்

எண்ணிக்கை: 5 சென்ட் மனை என்றால் இரண்டு பெட்டிக்கு மேல் வேண்டாம். கூட்டம் பெருகினால் பிரித்துத் தோட்டத்துக்கு அனுப்புங்கள்.

இடம்: வாசல் நம் வீட்டுப் பக்கம் திரும்பி இருக்கட்டும். எல்லைச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி வையுங்கள். வாசலுக்கு எதிரே ஆறடிக்குக் குறையாமல் ஓலைத் தட்டியோ உயிர்வேலியோ இருந்தால், தேனீ மேலெழும்பி ஆள் தலைக்கு மேலே பறந்து போகும். மாடு கட்டும் இடம், நடைபாதை, துணி காயப்போடும் இடத்துக்கு நேரே வேண்டாம். வாசலுக்கு நேரே இரவு விளக்கும் எரியக்கூடாது.

தண்ணீர்: மண்தட்டில் கூழாங்கல் போட்டுத் தினமும் தண்ணீர் வையுங்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நாம் வைக்காவிட்டால் பக்கத்து வீட்டுக் குழாயடிக்கும் கழனித்தொட்டிக்கும்தான் போகும். சண்டை பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

திறக்கும் நேரம்: பூ இருக்கும் காலத்தில், வெயில் அடிக்கும் அமைதியான காலைப்பொழுதில் திறக்க வேண்டும். மேகமூட்டம், காற்று, அந்தி, பூ இல்லாத காலம் இதில் எதிலும் தொடாதீர்கள். திறப்பதற்கு முந்தைய நாளே பக்கத்து வீடுகளில் சொல்லிவிடுங்கள்.

கூட்டம் பிரிதல்: பூ வரத்து கூடும் காலத்தில் வாரம் ஒருமுறை சட்டங்களைத் தூக்கி, ராணி அறை கட்டுகிறதா என்று பாருங்கள். இடம் போதாவிட்டால் கூட்டம் பிரிந்து பக்கத்து வீட்டு வேப்பமரத்தில் போய்த் தொங்கும். கண்ணுக்கெட்டும் தூரத்தில், துரத்திப் பிடிக்க முடிகிற வரைக்கும் அந்தக் கூட்டம் உன்னுடையது என்று பழைய ரோமானியச் சட்டத்திலேயே இருக்கிறது. கூட்டம் நம்முடையதாக இருக்கலாம், மரம் அவர்களுடையது. கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

ஒவ்வாமை: பெட்டி வைக்கும் முன் சுற்று வீடுகளில் யாருக்காவது பூச்சிக்கடி ஒத்துக்கொள்ளாதா என்று கேளுங்கள். இருந்தால் அந்த இடத்தில் வைக்காதீர்கள். கொட்டினால் கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுங்கள். எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு விஷம் குறையும். கொட்டிய இடம் தவிர முகம், உதடு வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, மயக்கம் வந்தாலோ கை வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், உடனே 108.

தேனை விற்க, கூட்டைப் பிடிக்க, கடன் வாங்க

தேனைப் பாட்டிலில் அடைத்து, பெயர் போட்டு விற்கப் போகிறீர்கள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துவிடுங்கள். சிறு உற்பத்தியாளர்களுக்கு உரிமம் தேவையில்லை, எளிய பதிவு போதும். நான் வருடத்துக்கு 100 ரூபாய் கட்டிப் பதிவு செய்தேன். தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது அவர்களின் தர அளவு. அறைகள் மெழுகால் மூடப்படாத சட்டத்தைப் பிழிந்தால் தண்ணித் தேன்தான் வரும், புளித்தும் போகும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் நாக்கில் தடவக்கூடாது என்பதையும் வாங்குகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

கூட்டத்தைக் காட்டிலிருந்து பிடித்து வரலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். நம் மாவட்டத்தில் காடு அதிகம், ஆசை வரும். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் வனப்பொருள் எடுப்பது தமிழ்நாடு வனச்சட்டம் 1882-இன்படி குற்றம். தேனும் மெழுகும் சிறு வனப்பொருள். காலங்காலமாக அதைச் சேகரித்து வரும் சித்தேரி மலை மக்கள் போன்றவர்களுக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. அது அவர்கள் உரிமை, பொழுதுபோக்குக்குப் பெட்டி வைக்கும் நம் உரிமை இல்லை. பயிற்சி பெற்ற வளர்ப்பாளர்களிடம் வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று, என் பழைய வேலை சம்பந்தப்பட்டது. தொண்ணூறுகளில் நான் கிளை மேலாளராக இருந்தபோது ஒரு விவசாயி பத்துத் தேனீப் பெட்டிக்கு லோன் கேட்டு வந்தார். "ராத்திரியோட ராத்திரியா பறந்து போச்சுன்னா எதை ஜப்தி பண்றது?" என்று கேட்டேன். கிளையே சிரித்தது. அவர் விண்ணப்பத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். பால்மாடு, கோழி, பட்டுப்புழு மாதிரி தேனீ வளர்ப்பும் விவசாயத்தைச் சார்ந்த தொழில் என்றுதான் ரிசர்வ் வங்கியின் முன்னுரிமைக் கடன் பட்டியலில் இருக்கிறது. மத்திய அரசு 2020-இல் தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்துக்கு 500 கோடி ரூபாய் ஒதுக்கியது. உங்கள் வங்கியில் யாராவது அன்றைக்கு நான் சிரித்த மாதிரி சிரித்தால், அந்தப் பட்டியலை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கொட்டகைப் பக்கம் இருந்து பார்த்தால்

தோட்டத்துக்குப் பெட்டி போன பிறகு நான் மறுபக்கத்தில் நிற்க நேர்ந்தது. பக்கத்து மாந்தோப்பில் பூ விட்டிருந்தபோது தத்துப்பூச்சிக்கு மருந்து அடித்தார்கள். இமிடாகுளோபிரிட். ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் வெளிநிலத்தில் பயன்படுத்தத் தடை செய்த மூன்று மருந்தில் இதுவும் ஒன்று, காரணமே தேனீக்கள்தான். மறுநாள் காலை பெட்டி வாசலில் தேனீக்கள் குவியலாகச் செத்துக் கிடந்தன.

கோபத்தில் எனக்கும் மனு எழுதத்தான் கை வந்தது. எழுதி என்ன செய்ய? என் தேனீ அவர் தோப்பில் குடித்த மருந்தால்தான் செத்தது என்று நான் எதை வைத்து நிரூபிப்பது? மனுவை விட்டுவிட்டு, செத்த தேனீயை ஒரு காகிதத்தில் அள்ளிக்கொண்டு தோப்புக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் பார்த்தார். "இது எனக்குத் தெரியாதுங்கண்ணா. சொல்லியிருந்தா சாயந்தரம் பூச்சி அடைஞ்சப்புறம் அடிச்சிருப்பனே" என்றார். சொல்லாதது என் தப்புதான், இரண்டாவது தடவையாக. இந்த வருடம் பூ விரிந்த பிறகு ரசாயனத்தை நிறுத்தி வேப்பெண்ணெய்க் கரைசலைச் சாயங்காலத்தில் அடித்துப் பார்த்தார். அடுத்த வருடமும் அப்படியே செய்வாரா என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் அடிப்பதற்கு முந்தின நாள் போன் செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

ஊராட்சி அலுவலகத்தில் அன்றைக்குக் கிடைக்காத அந்தப் படிவத்தை இப்போது நானே ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். என்ன தேனீ, எத்தனை பெட்டி, எங்கே வைக்கிறேன், எப்போது திறப்பேன், உங்கள் வீட்டில் யாருக்காவது ஒவ்வாமை உண்டா, ஏதாவது ஆனால் என் போன் நம்பர் இது. கொசுத்தேனீ வைக்கும் முன் மூன்று வீட்டிலும் அதில் கையெழுத்து வாங்கினேன். அதற்குச் சட்டப்படி எந்த மதிப்பும் இல்லை என்று வழக்கறிஞர் நண்பர் சொல்கிறார். இருக்கட்டும். பெரியம்மா அதில் கையெழுத்துப் போட, விரிசல் விட்ட அதே கையால்தான் பேனாவைப் பிடித்தார்.

பெட்டி வாங்கப் போகிறீர்கள் என்றால், பணம் கட்டுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நான் தட்டியது இரண்டரை வருடம் கழித்து, மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்த பிறகு.